சினை நண்டை விடச் சொல்வது எளிது. அதன் விலையைக் கொடுப்பது யார்?

சோளகக் காற்று அடங்கி, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கடல் மீண்டும் தொழிலுக்கு இடம் கொடுக்கும் மாதங்களில், ஆலங்குடாக் கரையில் ஒரு பழைய கேள்வியும் திரும்பி வருகிறது. வலையில் விழுந்த நண்டின் அடிவயிற்றில் முட்டைக் கொத்து இருந்தால் என்ன செய்வது? கடலில் விடுவதா, மற்ற நண்டுகளோடு கூடையில் போடுவதா?

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதிகாரிகளைக் கேட்டால் விட வேண்டும் என்பார்கள். ஏற்றுமதிக் கொம்பனிக்காரரும் அதையே சொல்வார். மீனவரும் விடுவது நல்லதுதான் என்பார். அடுத்த மூச்சில், நான் விட்டால் பக்கத்து வலைக்காரன் பிடிப்பானே என்பார். இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பதில் சொல்லாத எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் எங்கள் கரையில் எதையும் மாற்றப் போவதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினை நண்டை விடத்தான் வேண்டும். ஆனால் அதை வலை கழற்றும் ஒரு தனி மனிதரின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டு, அதனால் வரும் இழப்பையும் அவர் தலையிலேயே கட்டும் ஏற்பாடு நிலைக்காது. இழப்பைப் பங்கு போடும் விதி வேண்டும். அந்த விதி கரையிலேயே எழுதப்பட வேண்டும்.

ஒரு பெண் நண்டின் கணக்கு

இங்கே பேசப்படுவது சேற்று நண்டு அல்ல. வலையில் விழும் நீல நீந்தும் நண்டு. ஆண் நண்டு நீலம் பாய்ந்திருக்கும். பெண் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். புரட்டிப் பார்த்தால் ஆணின் வயிற்று மடல் ஒடுங்கியிருக்கும். முதிர்ந்த பெண்ணின் மடல் அரைவட்டமாக அகன்றிருக்கும். இந்த வித்தியாசம் எங்கள் கரையில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும்.

பெண் நண்டு ஓடு கழற்றி உடல் மென்மையாக இருக்கும் நேரத்தில்தான் இணை சேர்கிறது. அப்போது பெற்ற விந்தைச் சேமித்து வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முட்டையிட அதனால் முடியும். முட்டை வெளியே வந்ததும் மடலுக்கு அடியில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். முதலில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும். கரு வளர வளரப் பழுப்பாகி, பொரிக்கும் தறுவாயில் கரும் சாம்பல் நிறத்துக்கு வரும். வெப்பக் கடலில் இதற்கு ஒன்று முதல் இரண்டு கிழமைகள் போதும். ஒரு கொத்தில் பல இலட்சம் முட்டைகள் இருக்கும். பெரிய நண்டானால் பத்து இலட்சத்தையும் தாண்டலாம்.

இந்த எண்ணிக்கை இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பத்து இலட்சம் முட்டையை ஒரு கறிக்காகக் கொல்கிறோமே என்று ஒருவர் கேட்கலாம். அத்தனை முட்டையிலும் பெரிதாகி வலைக்கு வருவது சில மட்டும்தானே என்று இன்னொருவர் பதில் சொல்லலாம். இரண்டும் சரி. பொரித்த குஞ்சுகள் சில கிழமைகள் கண்ணுக்குத் தெரியாத பருவத்தில் நீரோட்டத்தோடு மிதக்கின்றன. பெரும்பாலானவை மீனுக்கு இரையாகின்றன. மிஞ்சியவை எந்தக் கரையில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆலங்குடாவில் விட்ட நண்டின் வாரிசு புத்தளம் களப்பில் வளரலாம்; மன்னார்ப் பக்கமும் போகலாம். விட்டவருக்கே அது திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும். சந்தையில் சினை நண்டு என்று கேட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் விரும்புவது ஓட்டுக்குள் இருக்கும் செம்மஞ்சள் சினையை. வெளியே தொங்கும் முட்டைக் கொத்து வேறு. உள்ளே சினை நிறைந்த நண்டு, விட்டால் சில நாட்களிலோ கிழமைகளிலோ முட்டைக் கொத்தை வெளியே தள்ளும். ஆகவே, கொத்துள்ளதை மட்டும் விடு என்ற விதி, நாளைக்குக் கொத்துப் போடப்போகும் நண்டைக் காப்பாற்றுவதில்லை.

தாயைக் கொல்லாதே என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

பெண் விலங்கைக் கொல்லக் கூடாது என்பது கேட்டவுடன் நியாயமாகப்படும். ஆனால் அது எல்லா உயிருக்கும் பொருந்தும் அறநெறி அல்ல. எண்ணிக்கையைப் பொறுத்த முடிவு. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் ஸ்கொட்லாந்திலும் மான் வேட்டைப் பருவத்தில் பெண் மான்களைச் சுடும்படி நிர்வாகமே ஊக்குவிக்கிறது. அங்கே ஓநாய் போன்ற வேட்டை விலங்குகள் அழிந்தோ குறைந்தோ போனதால் மான்கள் பெருகி, இளம் மரக்கன்றுகளைத் தின்று காட்டை வளரவிடாமல் செய்கின்றன. ஆண் மான்களை மட்டும் சுட்டால் கூட்டம் குறையாது, ஏனென்றால் ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். மந்தையைக் குறைக்க வேண்டுமானால் பெண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும். நண்டு பெருகிவிட்டது, குறைக்க வேண்டும் என்று எந்த மீனவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே அளவு நண்டுக்கு அதிக வலை விட வேண்டியிருக்கிறது என்பதுதான் கரையின் முறைப்பாடு. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிய இடத்தில் பெண்ணை விட வேண்டும்.

இலங்கைக்கு இந்த யோசனை புதிதல்ல. சிங்கி இறாலுக்கு 2000ஆம் ஆண்டின் முகாமைத்துவ ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. முட்டையோடு உள்ள சிங்கி இறாலைப் பிடிப்பது குற்றம். பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அதைப் பிடிப்பதற்கே தடை. நண்டுக்கும் அப்படியே செய்துவிடலாமே என்று கேட்கலாம். ஆனால் ஒரே மாதிரி விதியைப் பெயர்த்து நடுவதற்கு முன், மற்ற நாடுகளில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெண் நண்டையே எடுக்க முடியாது. முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கடலில் விட வேண்டும். அதே நாட்டின் மேற்கு அவுஸ்திரேலியாவில் முட்டையுள்ள பெண்ணுக்கு மட்டும் தடை. பேர்த் நகருக்கு அருகிலுள்ள கொக்பேர்ன் சவுண்ட் என்ற குடாவில் அந்தத் தடை இருந்தும் நண்டு வளம் சரிந்தது. முட்டையிடுவதற்கு முந்திய மாதங்களில் பெண் நண்டுகள் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டது ஒரு காரணம், கடல் வெப்பநிலை குறைவாக இருந்த ஆண்டுகள் இன்னொரு காரணம். 2006 டிசெம்பரில் அந்தக் குடா மூடப்பட்டது. 2009 டிசெம்பரில் திறந்தார்கள். 2014இல் மறுபடியும் மூட வேண்டி வந்தது. மேலே சொன்ன ஓட்டை இதுதான். இன்று கொத்தில்லாத பெண்ணை நாளை கொத்துப் போட விடாமல் எடுத்துவிட்டால், கொத்துக்கு மட்டும் போட்ட தடையால் பெரிய பயன் இல்லை.

அமெரிக்காவின் செசபீக் குடாவில் இருப்பது வேறு இன நீல நண்டு. அங்கே பெண் நண்டுகள் குளிர்காலத்தில் குடாவின் வாய்ப்பக்கம் சேற்றில் புதைந்து கிடக்கும். அவற்றை இரும்பு வாரிகளால் வாரி எடுத்து வந்தார்கள். 2008இல் வேர்ஜீனியாவும் மேரிலாந்தும் சேர்ந்து பெண் நண்டுப் பிடிப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடிவு செய்தன. வேர்ஜீனியா குளிர்கால வாரித் தொழிலை நிறுத்தியது. அதே ஆண்டு மத்திய அரசு இதை ஒரு தொழில் பேரிடராக அறிவித்ததால், தொழில் இழந்தவர்களுக்கு உதவிப் பணம் கொடுக்க வழி பிறந்தது. 2012 கணக்கெடுப்பில் குடாவில் சுமார் 76 கோடி நண்டுகள் இருந்தன. ஆனால் 2014இல் அது சுமார் 30 கோடிக்கு இறங்கிவிட்டது. குஞ்சுகள் பிழைப்பது காற்று, நீரோட்டம், மீன்கள் என்று பலவற்றைப் பொறுத்தது.

இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான். பெண்ணைக் காப்பது வளம் மீளும் வாய்ப்பைத் தருகிறது, உத்தரவாதம் தருவதில்லை. இரண்டாவது, செசபீக்கில் இழப்புக்கு ஒரு பகுதியையாவது அரசு பொறுப்பேற்றது. எங்கள் ஊரில் விதியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்தோனேசியாவும் 2015இல் முட்டையுள்ள நீல நண்டு, சேற்று நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றைப் பிடிக்கத் தடை போட்டது. ஆயிரக்கணக்கான கரைகளில் அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். அந்தக் கேள்வி கற்பிட்டிக்கும் பொருந்தும். எந்தக் கடற்றொழில் பரிசோதகராலும் விடியற்காலையில் எல்லாப் படகுக்கும் பக்கத்தில் நிற்க முடியாது.

விடுவதன் விலை

ஒரு வீட்டுக் கணக்காக இதைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் 10 கிலோ நண்டு பிடிக்கிறார், அதில் 2 கிலோ சினை நண்டு என்று வைத்துக்கொள்வோம். அதை விட்டால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். செலவு குறையாது. எண்ணெய், ஐஸ், வலை, படகுக் கடன் எல்லாம் அப்படியே இருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் உயர்ந்ததைச் சிறு எஞ்சின் வைத்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். செலவு போக மிஞ்சுவது 3 கிலோ விலைதான் என்றால், விட்ட 2 கிலோ அவருடைய நிகர வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 20 வீதம். வீட்டு அடுப்புக்கு அது 66 வீதம்.

தொழில் நடக்கும் முறையையும் பார்க்க வேண்டும். நண்டு வலையில் சிக்கிய நண்டு எளிதில் கழலாது. காலும் கொடுக்கும் நூலைப் பின்னிக்கொள்ளும். அதனால் வலையை அப்படியே கரைக்குக் கொண்டுவந்து, குடும்பமாக உட்கார்ந்து கழற்றுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பல வீடுகளில் அந்த வேலை பெண்களுடையது. கடலில் விடு என்று சுவரொட்டி சொல்கிறது. நண்டு கையில் கிடைக்கும்போதோ அது கரைக்கு வந்து நேரமாகியிருக்கும். கொடுக்கு முறிந்து, முட்டை உரசுப்பட்டு, அரை உயிராக இருக்கும் நண்டைத் தண்ணீரில் எறிந்தால் பயன் குறைவு. விதி எழுதுபவர்கள் படகில் நடக்கும் வேலையை நினைத்து எழுதுகிறார்கள். முடிவு எடுக்கப்படுவதோ கரையில் விரித்த வலைக்கு முன்னால்.

இன்னும் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. இலங்கையில் அடிமடி இழுவைத் தொழில் 2017இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பாக்கு நீரிணையிலும் மன்னார்ப் பக்கமும் இந்திய இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை. அடித்தளத்தையே வாரும் மடியில் முட்டை நண்டு, குஞ்சு நண்டு என்ற பேதம் ஏது? பெரிய கொள்ளையைத் தடுக்காமல் சிறு வலைக்காரனிடம் ஒழுக்கம் கேட்கிறார்களே என்ற கோபத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் சினை நண்டை விற்பதற்குக் காரணமாக முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் கிணற்றில் குப்பை கொட்டுகிறான் என்பதற்காக நாமும் கொட்டினால் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

விதி எழுதியவர் போய்விட்டால்?

கடந்த பத்தாண்டுக்கு மேலாக எங்கள் பக்கம் நீல நண்டைப் பற்றிய கட்டுப்பாட்டுப் பேச்சுக்குப் பின்னால் இருந்த பெரிய சக்தி ஏற்றுமதிச் சந்தை. அமெரிக்க இறக்குமதியாளர்கள் நீடித்து நிற்கும் தொழில் என்ற அத்தாட்சியைக் கேட்டார்கள். இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் நாரா நிறுவனத்தோடும் கடற்றொழில் திணைக்களத்தோடும் சேர்ந்து மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. சிறிய நண்டைத் தவிர்த்தல், சினை நண்டை விடுதல் என்பவை தன்னார்வ நடத்தை விதிகளாகக் கரைக்கு வந்தன. அதனால் நன்மை உண்டு. கொம்பனி வாங்காது என்ற ஒரு சொல், பத்துக் கருத்தரங்குகளை விடப் பலமானது.

ஆனால் அந்தப் பலம் வாங்குபவர் வாங்கும் வரைக்கும்தான். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி அறிவித்தது. ஓகஸ்டில் அது 20 வீதத்தில் வந்து நின்றது. செப்டெம்பரில் இன்னோர் அடி விழுந்தது. வலையில் டொல்பின் போன்ற கடல் பாலூட்டிகள் சிக்குவதைத் தடுக்கும் ஏற்பாடு போதாது என்று, அந்நாட்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் ஆகிய நாடுகளின் நீந்தும் நண்டுத் தொழிலுக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதித் தடை என்றும் அறிவிக்கப்பட்டது. இதை எதிர்த்து அமெரிக்க இறக்குமதியாளர்களே நீதிமன்றம் போனார்கள்.

டொல்பின் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளால் பிழைக்கும் ஆலங்குடாவுக்கு இந்தச் செய்தி இரட்டைக் கசப்பு. ஆனால் சினை நண்டு விஷயத்தில் அது சொல்வது வேறு. வொஷிங்டனில் எடுக்கும் ஒரு முடிவால் சந்தை ஆடலாம். அப்போது நண்டு உள்ளூர்ச் சந்தைக்கும் ஹோட்டல்களுக்கும் திரும்பும். அங்கே சினை நண்டை மறுக்கும் கொம்பனி இல்லை. அதை விரும்பிக் கேட்கும் வாடிக்கையாளர்தான் இருக்கிறார். ஏற்றுமதிக்காரரின் விதியை மட்டும் நம்பியிருந்தால், அவர் போகும் நாளில் விதியும் அவரோடு லொறி ஏறிவிடும்.

ஆலங்குடாவில் எது சாத்தியம்?

குயின்ஸ்லாந்து போல எல்லாப் பெண் நண்டையும் விடச் சொல்வது இங்கே நடக்காது. நிறுத்தி வைக்கும் வலை ஆண், பெண் பார்த்துப் பிடிப்பதில்லை. பிடிப்பில் பெரும் பகுதியை விடச் சொன்னால் தொழிலே நின்றுவிடும். முட்டைக் கொத்துள்ளதை மட்டும் காப்பது முழுமையல்ல, ஆனால் தொடங்கக்கூடியது. அதோடு வேறு சிலவற்றையும் சேர்த்தால் பலம் கூடும்.

முதலாவது, நண்டு வங்கி. தாய்லாந்தின் கரையோரக் கிராமங்களில் இது பரவலாக இருக்கிறது. முட்டையுள்ள நண்டைக் கொண்டுவந்து, காற்றூட்டிய கடல்நீர்த் தொட்டியிலோ கடலில் கட்டிய கூட்டிலோ வைப்பார்கள். முட்டை பொரித்ததும் குஞ்சுகளைக் கடலில் விட்டுவிடுவார்கள். தாய் நண்டு விற்பனைக்குப் போகும், அல்லது வங்கிச் செலவுக்கு ஆகும். குஞ்சுகளில் எத்தனை பிழைக்கின்றன, அதனால் மட்டும் வளம் கூடியதா என்று அளப்பது கடினம். இதை மந்திரமாக நான் சொல்லவில்லை. ஆனால் கரையில் வலை கழற்றும் எங்கள் முறைக்கு இது பொருந்துகிறது. கரும் சாம்பல் நிறத்துக்கு வந்த கொத்து இரண்டொரு நாளில் பொரித்துவிடும். அதற்கு ஒரு தொட்டியும், காற்றுப் பம்பும், பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஒருவரும் போதும். மஞ்சள் கொத்துக்குக் கூடுதல் நாள் வேண்டும்.

இரண்டாவது, விலை. வங்கிக்குக் கொடுத்த நண்டுக்கு அன்றைக்கே ஒரு பகுதி பணம் மீனவர் கைக்கு வர வேண்டும். அதைச் சங்கம் மட்டும் தாங்க முடியாது. நண்டால் இலாபம் பார்க்கும் கொள்வனவாளரும், நண்டுக் கறியை விருந்தாகப் பரிமாறும் கடற்கரை ஹோட்டல்களும், கடற்றொழில் அமைச்சும் சிறு பங்கு போட வேண்டும். சினை நண்டை வாங்குவதில்லை என்று உள்ளூர் ஹோட்டல்கள் முடிவெடுத்தால் அதற்குச் செலவே இல்லை.

மூன்றாவது, எல்லோரையும் சேர்த்தல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல ஆலங்குடாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வேரூன்றி மூன்று தசாப்தம் தாண்டிவிட்டது. தலைமுறைகளாக இங்கே இருப்பவர்களும், பருவத்துக்கு வந்து வாடி போடுபவர்களும், கத்தோலிக்க மீனவர்களும் அதே கடலில்தான் வலை விடுகிறார்கள். ஒரு சங்கம் மட்டும் எழுதும் விதியை மற்றவர்கள் தங்களைத் தடுக்கும் சூழ்ச்சியாகவே பார்ப்பார்கள். கூட்டத்தில் உட்காராதவர் விதிக்குக் கட்டுப்பட மாட்டார். வலை கழற்றும் பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். நண்டைப் புரட்டிப் பார்த்து முடிவெடுப்பது அவர்கள் கை.

கடைசியாக, கணக்கு. ஒரு பருவத்தில் எத்தனை சினை நண்டு வங்கிக்கு வந்தது, எந்த மாதத்தில் அதிகம் வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினால், மூன்று நான்கு வருடத்தில் எங்கள் கடலில் நண்டு எப்போது அதிகமாக முட்டையிடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த உச்ச மாதத்தில் சில கிழமைகள் மட்டும் நண்டு வலையை ஒதுக்கி வைக்கலாமா என்ற அடுத்த கேள்விக்கு அப்போது கொழும்பிலிருந்து பதில் வரக் காத்திருக்கத் தேவையில்லை. கொக்பேர்ன் சவுண்டில் விட்ட ஓட்டையை அடைக்கவும் அதுவே வழி. கொத்துப் போடப்போகும் நண்டையும் அந்தக் கிழமைகள் காப்பாற்றும்.

இவ்வளவுக்கும் முன்னால் நடக்க வேண்டியது ஒன்றுதான். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் சங்கங்களும் கொள்வனவாளர்களும் கடற்றொழில் பரிசோதகரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, விட்ட நண்டுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசி முடிக்க வேண்டும். அந்தத் தொகை முடிவாகாத வரைக்கும், சினை நண்டை விடுங்கள் என்று மீனவரைப் பார்த்துச் சொல்லும் உரிமை நம்மில் யாருக்கும் முழுதாக இல்லை.